பழைய பஸ்ஸுக்கு முதலில் கூரை போடுங்கள்

மரக்கூடு போட்ட பழைய பஸ் ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், வந்த அன்றே பெயின்ற் அடிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். அதற்கு ஒரு வருஷம் பொறுக்கலாம், இரண்டு வருஷமும் பொறுக்கலாம். மழைதான் பொறுக்காது. முதல் காசு வண்டி நிற்கப்போகும் கொட்டகையின் கூரைக்கு, இரண்டாவது காசு அதன் தரைக்கு, மிச்சம் இருந்தால் மற்றதெல்லாம்.

நான் டிப்போவில் பஸ் உடம்பு கட்டுகிற பிரிவில் தச்சுவேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய லேலண்ட் பஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. வெல்டிங் தெரிந்தவர் ஒருவர், சாரதியாக இருந்தவர் ஒருவர், பின்னேரத்தில் வந்து உதவுகிற பிள்ளைகள், அவ்வளவுதான். வாழைச்சேனையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இந்த வேலையில் நாங்கள் பாடம் படிப்பது ட்ராம் வண்டிகளைக் காப்பாற்றியவர்களிடம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1939இல் சில இளைஞர்கள் சேர்ந்து 31ஆம் இலக்கத் திறந்த ட்ராம் ஒன்றை வாங்கினார்கள். அதுதான் இன்றைய சீஷோர் ட்ராலி அருங்காட்சியகம். இங்கிலாந்தில் 1955இல் ஒரு சங்கம் தொடங்கி, 1959இல் டர்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் கைவிட்ட கல்லுடைக்கும் இடத்துக்குப் போய்த் தண்டவாளம் போட்டார்கள், கொட்டகை கட்டினார்கள். எல்லாம் தொண்டர் வேலை. சென்னையில் 1953இலும் கொழும்பில் 1960இலும் ட்ராம் நின்றுபோனது. நம் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டம் அந்த நேரத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் மனம் கிடந்து அடிக்கும். ட்ராமும் அந்தக் காலத்து பஸ்ஸும் உடம்பால் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழே இரும்பு, அதன்மேல் மரச் சட்டம், வெளியில் தகடு அல்லது பலகை. உக்குகிற இடங்களும் ஒன்றுதான்.

இடம் பார்க்கும்போது அக்கம்பக்கத்துச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே உங்கள் தரை வரவேண்டும். வாவிக் கரையில் வளவு சும்மா கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். கல்லடிப் பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது. அதன் அடிப்பக்கத்தைப் போய் ஒருதரம் பாருங்கள், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நாங்கள் வேறு இடம் இல்லாமல்தான் அங்கே வைத்திருக்கிறோம். உங்களுக்கு உள்ளே தள்ளி, செங்கலடிப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ மேட்டு நிலம் கிடைத்தால் அதை எடுங்கள்.

தரையை உயர்த்தக் கடல் மணல் போடவே கூடாது. கிட்டக் கிடைக்கும், காசும் இல்லை, ஆனால் அதில் இருக்கிற உப்பு வருஷக்கணக்காக ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிறவல் கொட்டி இடித்து, சக்கரம் நிற்கிற இரண்டு வரிக்கு மட்டும் கொங்கிறீற் போடுங்கள். அதற்கு அடியில் தடித்த பொலித்தீன் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் நிலத்து ஈரம் மேலே ஏறிவரும். நடுவில் சல்லி போட்டால் போதும். வெறும் மண் தரையில் நிறுத்திய வண்டி மேலே நனையாவிட்டாலும் கீழிருந்து உக்கும்.

கொட்டகையின் அளவு வண்டியை விடப் பெரிதாக இருக்கட்டும். முப்பது அடி பஸ்ஸுக்கு நாற்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம் வைத்தால்தான் ஏணியோடு ஒருவர் சுற்றி வரலாம். சுவரோடு ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், கறையான் அந்தப் பக்கத்தால்தான் வரும்.

நம் ஊரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி வாடைக்காற்றோடு வடகிழக்கால் அடிக்கும். ஆகவே வடக்கும் கிழக்கும் அடைப்பு, வாசல் தெற்கிலோ மேற்கிலோ. அப்புறம் தென்மேற்கால் வரும் கச்சான் காற்றுக் காலத்தில் அதே வாசலால் புழுதியும் வெக்கையும் வரும். அந்த மாதங்களுக்கு ஒரு கிடுகுத் தட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள், மாரி வந்தால் கழற்றுங்கள். அடைத்த பக்கத்திலும் கூரைக்குக் கீழே ஓரடி, நிலத்துக்கு மேலே அரையடி இடைவெளி விடவேண்டும். காற்று ஓடாத கொட்டகை வண்டிக்கு நல்லதல்ல.

கூரையைப் போடுவதைவிடக் கட்டி வைப்பது முக்கியம். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். தகரத்தைச் சிலாகையில் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) ஆணி அடித்து விடாமல் கொக்கி போல்ட் போடுங்கள். சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டியால் இழுத்துக் கட்டுங்கள். தூணின் கால் கொங்கிறீற்றுக்குள் இறங்கியிருக்கட்டும். கிடுகு வேய்ந்தால் குளிர்ச்சிதான், ஆனாலும் எலியும் நெருப்புப் பயமும் இருப்பதால் வண்டிக்கு மேலே அது வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் தகடு யாராவது இலவசமாகத் தந்தால் அதை வெட்டவோ துளைக்கவோ போகாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பீலி கட்டாயம் வைத்து, தண்ணீரைக் கொட்டகையிலிருந்து தூரமாக விடுங்கள்.

கூரை கட்டி முடியும்வரை என்ன செய்வது? படங்கு போடலாம், ஆனால் வண்டியின் உடம்பில் தொடாமல் கம்பு நட்டுப் பந்தல் மாதிரி. எங்களிடம் வருமுன்னர் இந்த பஸ் ஒரு வளவில் புளியமரத்துக்குக் கீழே நின்றது. யாரோ நல்ல மனதோடு பொலித்தீனால் முழுதாகச் சுற்றி வைத்திருந்தார்கள். பகலில் வெக்கை, இரவில் வியர்வை. அவிழ்த்தபோது உள்ளே இருக்கைத் தோல் முழுக்கப் பூஞ்சணம்.

உள்ளே ஏற்றுமுன் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் வேண்டாம், குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துக் கழுவவேண்டும். காய்ந்த பிறகு ஏற்றுங்கள். ரயர் நிலத்தில் படாமல் தூக்கி, அச்சுக்குக் கீழே ரயில்பாதைச் சிலிப்பர்க் கட்டை அடுக்கலாம். மர உடம்புக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், பாரம் முழுவதும் இரும்பில்தான் இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் மேலே ஒரு தகரத் துண்டு வைத்து, விளிம்பை வெளிப்பக்கமாகக் கீழே வளைத்து விடுங்கள். கறையான் அந்த விளிம்பைச் சுற்றி மண்புற்றுக் கட்டித்தான் மேலே போகவேண்டும், அது கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை ரோச் அடித்துப் பார்த்தால் போதும்.

பற்றரியைக் கழற்றுங்கள், டீசல் தாங்கியை வெறுமையாக்குங்கள், எஞ்சினில் நிற்கும் தண்ணீரை வடித்து விடுங்கள். மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றி விட்டால் இறுகாது. வந்தவர்களுக்குக் காட்ட ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது எஞ்சினுக்குக் கேடு. சூடேறாமல் நிறுத்தினால் உள்ளே ஈரம் கட்டி, கறல் பிடிக்கும்.

இனி மரத்துக்கு வருவோம். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு சின்னக் கூரிய கத்தியை எடுத்துக்கொண்டு யன்னல்களுக்குக் கீழே நிற்கும் சட்டங்களின் அடியைப் பாருங்கள். யன்னல் கண்ணாடி இறங்குகிற பள்ளத்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, சட்டம் அடிப்பலகையைச் சந்திக்கிற மூலையில் போய் நிற்கும். எங்கள் பஸ்ஸின் இடதுபக்க மூன்றாம் யன்னலின் கீழ், வெளியில் பெயின்ற் மினுமினு என்று இருந்தது. கத்தி முனையை வைத்து அழுத்தினேன், சத்தமில்லாமல் ஓர் அங்குலம் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது கறுத்த ஈரத் தூள் ஒட்டி வந்தது. அதற்கு ஒரு சாண் மேலே அதே சட்டத்தில் குத்தினால் கத்தி ஏறவே இல்லை. அங்கே தேக்கு அன்று அறுத்த மாதிரி மணந்தது.

இப்படி இருந்தால் முழுச் சட்டத்தையும் கழற்றி எறியக்கூடாது. உக்கியதை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே சாய்வில் புதுத் துண்டை ஒட்டவேண்டும். சட்டத்தின் தடிப்பு இரண்டு அங்குலம் என்றால் சாய்வின் நீளம் பதினாறு அங்குலம் வரட்டும். ஒன்றுக்கு எட்டு என்று நினைவு வைத்தால் சரி. குட்டையாக அறுத்தால் ஒட்டுப் பிரியும். இருந்தது தேக்கென்றால் தேக்கு, முதிரை என்றால் முதிரை, பழைய வீடு உடைக்கிற இடத்தில் தேடினால் காய்ந்த மரம் கிடைக்கும். பச்சை மரம் போட்டால் கச்சான் காலத்தில் சுருங்கி வெடிக்கும். புதுத் துண்டின் மறைந்த பக்கத்தில் மாற்றிய திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறக்கிறவருக்கு எது பழையது, எது நாம் போட்டது என்று தெரியவேண்டும்.

அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால், உப்பு ஈரம் பட்டு ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். துருப்பிடிக்காத ஆணி போட்டாலும் தலைக்குக் கீழே ரப்பர் வளையம் வையுங்கள். தகடு இரும்புச் சட்டத்தில் முட்டுகிற இடத்திலும் நடுவில் ஏதாவது வைத்துப் பிரியுங்கள்.

பெயின்ற்றைத் தொடுவதற்கு முன் அதைப் படிக்கவேண்டும். கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு, தண்ணீர் தொட்டு மெல்லிய சான்ட் பேப்பரால் வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். எங்கள் வண்டியில் சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு, அதற்கும் கீழே ஒரு பச்சை. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகளை அரசு எடுக்குமுன் தனியார் கம்பனியில் ஓடிய நிறம் அது என்று நினைக்கிறோம். அந்த வட்டத்தை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறோம். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். உலர்த் தேய்ப்பு வேண்டாம், நெருப்பால் சுட்டு உரிக்கவும் வேண்டாம். முகமூடி போடுங்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள், அந்த வேலை நடக்கும் நாளில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். பிரேக் லைனிங்கிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

ஒரு கொப்பி வாங்கி, வந்தவர் யார், என்ன செய்தார், எதைக் கழற்றி எங்கே வைத்தார் என்று எழுதுங்கள். கழற்றிய ஆணிகளைப் பழைய பால்மாப் பேணியில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று ஒட்டி வையுங்கள். வண்டி யாருடையது, யார் தந்தது என்ற கடிதம் இல்லாமல் ஒரு வேலையும் தொடங்காதீர்கள். அரசாங்கச் சொத்தாக இருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி உழைத்த பிறகு வண்டி இரும்புக்கடைக்குப் போனதை நான் வேறு இடத்தில் கண்டிருக்கிறேன்.

உங்கள் கொட்டகை நன்றாக இருக்கிறது என்று ஊரில் கதை பரவியதும் இன்னொரு பஸ், ஒரு பழைய லொறி, ஒரு ட்ரக்டர் என்று கொண்டுவந்து தருவார்கள். ட்ராம் அருங்காட்சியகங்களில் நடந்த பெரிய சேதம் இதனால்தான். கூரை இருந்ததைவிட அதிகமான வண்டிகளைச் சேர்த்தார்கள், வெளியில் நின்றவற்றில் பல உக்கிப்போயின. ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் இரண்டாவது வண்டிக்கு இரண்டாவது கூரை கட்டும்வரை மறுத்துவிடுங்கள். படம் எடுங்கள், அளவெடுங்கள், இலக்கத்தைக் குறியுங்கள், உடைக்கத்தான் போகிறார்கள் என்றால் யன்னல் சட்டம், கைபிடி, மணி, விளக்கு இவற்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். உங்கள் வண்டிக்கே ஒருநாள் அவை தேவைப்படும்.