இணைய வரைபடத்துக்கு எந்த மென்பொருள்?

இணையதளத்தில் வரைபடம் அமைக்க விரும்புவோர், தாம் காட்டப்போவது சில இடக்குறிகளை மட்டுமா, அல்லது தெரு, ஆறு, ஊர்ப்பெயர் என ஒவ்வொன்றின் தோற்றத்தையும் தாமே வடிவமைக்க வேண்டிய முழுப் படமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. ஒரு மாவட்டத்தின் நூலகங்களைக் குறித்துக் காட்டுவதற்கு, 2011இல் வெளிவந்த லீஃப்லெட் என்னும் நிரல் நூலகம் தாராளமாகப் போதும்; சுமார் 42 கிலோபைட் அளவே உள்ளதால் பழைய கைபேசியிலும் அது விரைவாகத் திறக்கும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு, உலாவியிலேயே வரைபடம் அமைக்க உதவும் யூமேப் இருக்கிறது.

தோற்றமே முக்கியம் என்றால் மேப்லிப்ரேயையே பரிந்துரைப்பேன். மேப்பாக்ஸ் நிறுவனத்தின் வரைபட மென்பொருளான மேப்பாக்ஸ் ஜிஎல் 2020 டிசம்பரில் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டபோது, அதன் முந்தைய பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த இந்த மென்பொருள், வெக்டர் தரவை (புள்ளி, கோடு, பரப்பு ஆகிய வடிவங்களாக உள்ள தரவை) உலாவியிலேயே வரைவதால், மேப்யுட்னிக் என்னும் இலவசக் கருவியில் சாலையின் நிறத்தை மாற்றிய உடனேயே விளைவைக் காணலாம். ஆனால் தமிழ் ஊர்ப்பெயர்களைக் காட்டுவதாயின், 'கொ', 'தை' போன்ற எழுத்துகளின் கொம்புகள் இடம் மாறாமல் வருகின்றனவா என்று, பயன்படுத்தப்போகும் பதிப்பிலேயே கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வரைபடங்களைப் படங்களாக இணையம் வழியே வழங்கும் டபிள்யூஎம்எஸ் சேவைகளையும், உருண்டையான பூமியைத் தட்டையாகக் காட்டும் வெவ்வேறு புரொஜெக்‌ஷன்களையும் கையாளுவதற்கு ஓப்பன்லேயர்ஸ் என்னும் நிரல் நூலகம் ஏற்றது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்தினால் அதன் பங்களிப்பாளர்களைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும்.