முதன்முதலாக வாங்கும் எலெக்ட்ரிக் கிட்டார்: ஃபெண்டர் வகையா, கிப்சன் வகையா?

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல் வடிவத்தில் ஒரு கிட்டார் வாங்கினேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மூன்றாவது கம்பி சுருதி இறங்கிவிடும். நான்கு மாதம் கம்பியை மாற்றினேன், கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீயை மாற்றினேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சோதித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்ஜெட் குறைவென்றால் ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர், கிப்சனின் மலிவு பிராண்டான எபிஃபோன் இரண்டையும் ஒப்பிட்டாலே போதும். வடிவமும் அடிப்படை அமைப்பும் அதேதான்.

படி 1: ஸ்கேலை (கம்பி அதிரும் நீளத்தை) அளப்பது

நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) 12ஆவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரை டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாடல்களில் 25.5 அங்குலம் வரும். லெஸ் பாலுக்குக் கிப்சன் சொல்லும் கணக்கு 24.75. ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், நீளமான கிட்டாரில் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும். விரல் நுனி இன்னும் காய்த்துப்போகாதவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

படி 2: இரைச்சலைக் கேட்பது

ஆம்பில் வால்யூமை ஏற்றிவிட்டு வாசிக்காமல் இருங்கள். ஃபெண்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ‘ம்ம்ம்’ என்று முனகும். ஹம்பக்கர் என்ற பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருந்து அந்த முனகலை அடித்துவிடும். லெஸ் பாலுக்கு அது வந்தது 1957இல். 1952இல் முதன்முதலாக வந்த லெஸ் பாலில் அது கிடையாது.

படி 3: மூன்றாவது கம்பி

இங்கே அவசரப்படாதீர்கள். சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி, மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியைச் சரியாகச் சேருங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் வைத்து ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏறும்வரை பக்கவாட்டில் தள்ளிப் பத்து முறை வளைத்துவிட்டு ட்யூனரைப் பாருங்கள். முள் கீழே இறங்கியிருந்தால், நட்டுக்குப் பின்னால், கீ இருக்கும் பக்கம், கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி திரும்ப ஏறிவிட்டதா? அப்படியானால் குற்றவாளி நட்தான். வளைக்கும்போது அதன் பள்ளத்தின் வழியாக வெளியே வந்த கம்பி, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

லெஸ் பாலில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். கீகள் பக்கத்துக்கு மூன்றாக இருப்பதால் நடுக் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பும். ஃபெண்டரில் ஆறு கீயும் ஒரே வரிசை. கம்பி நேராகப் போகும். என் கிட்டாரில் கீயைத் திருகும்போதெல்லாம் நட்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கம்பியைத் தளர்த்தி, 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்தேன். சத்தம் நின்றது, சுருதியும் நின்றது.

படி 4: புதுமைக்குக் காசு கொடுக்கலாமா?

நட்டிலேயே கம்பியைப் பூட்டி, பிரிட்ஜை (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) ஸ்பிரிங்கில் நிறுத்தும் ஃபிளாய்ட் ரோஸ் அமைப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்து மற்ற ஐந்தையும் சுருதி மாற்றிவிடும். தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம். கிப்சன் 2015இல் தானாகச் சுருதி சேர்க்கும் கருவியைப் பல மாடல்களில் வைத்தது, வாங்குகிறவர்கள் ஏற்கவில்லை. அதே கிப்சன் 1958இல் கொண்டுவந்த ஃபிளையிங் வி என்ற வி வடிவக் கிட்டார் அப்போது விற்கவில்லை, இன்று அது பொக்கிஷம்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே பாருங்கள். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது பாரி நாயனம், அதாவது நீளமான, சுருதி தாழ்ந்த நாதஸ்வரம். அவர் குரு ராஜரத்தினம் பிள்ளை, குட்டையான, சுருதி உயர்ந்த திமிரியை விட்டு அதற்கு மாறியபோது அது புதுமை. இப்போது நாயனம் என்றாலே நமக்கு அதுதான் காதில் ஒலிக்கிறது. ஆகவே பழசு, புதுசு என்று பார்க்காமல் மேலே சொன்ன சோதனைகளில் எது தேறுகிறதோ அதை எடுங்கள். என்னைக் கேட்டால் ஒரே வரிசையில் ஆறு கீ, அசையாத பிரிட்ஜ், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர்.

பிற்சேர்க்கை: கம்பியைத் தொட்டால் முனகல் குறைகிறது, இது கோளாறா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி, பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் அப்படித்தான் இருக்கும். தொடும்போது சுர்ரென்று அடித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, வீட்டு எர்த்தை எலெக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். முனகல் போகும் என்று யாராவது சொன்னாலும் ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றாதீர்கள்.