கேப் ஏறி பிரேசர் மலை: ஒரு நாள் மலைச் சைக்கிள் பயணத்துக்கு மணிக்கணக்கு

மலேசியாவின் கோலகுபு பாருவில் கிளம்பி, சிலாங்கூர் அணைக்கட்டைத் தாண்டி, சிலாங்கூர்-பகாங் எல்லையில் இருக்கும் கேப் கணவாயை அடைந்து, அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறித் திரும்பினால் சுமார் 80 கிலோமீட்டர். கேப் ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், பிரேசர் மலை 1,200 மீட்டருக்கும் மேல். முழுக்கத் தார்ச் சாலைதான். அப்புறம் எதற்கு மவுண்டன் பைக் என்று கேட்பவர்கள் அந்தச் சாலையை மழைக்கு மறுநாள் பார்த்ததில்லை. வளைவின் ஓரத்தில் பச்சைப் பாசி, சரிந்து வந்த செம்மண், அதன்மேல் ஊறிய சருகு. மெல்லிய டயர் அங்கே சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

பயணத் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். தித்திவங்சா மலைத்தொடரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் இன்னும் மோசம். ஆகவே 2 மணிக்குள் அடிவாரம் வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பிரேசர் மலையை 12 மணிக்கே விட்டு இறங்க வேண்டும். மேலே 11.15, கேப் 10, அணைக்கட்டு 7 மணி. அப்படியென்றால் கோலகுபு பாருவில் 6.15க்கு மிதிக்கத் தொடங்க வேண்டும்; அப்போது இன்னும் இருட்டு, முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம். 10.45 ஆகியும் கேப் வரவில்லையா, அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். “மச்சான், இன்னும் ரெண்டு வளைவுதான்” என்று கூட வருபவர் சொல்வார். கேப்பிலிருந்து மேலே 8 கிலோமீட்டர், சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். களைத்த காலுக்கு அது ஒன்றேகால் மணி நேரம்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்றால், 29 இன்ச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தும் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். அந்த வேகம்தான் கேப்புக்கு மேலே கைகொடுக்கும். பின்னால் 42 பல்தான் பெரியது என்றால் முன்னால் 30 பல் தட்டு மாற்றிக்கொள்வது நல்லது. ஏறும்போது முன் ஃபோர்க்கின் அதிர்வுதாங்கியைப் பூட்டிவிடுங்கள், இறங்குமுன் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

டயர் ட்யூப்லெஸ் என்றால் சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) இருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் 29 x 2.25 டயருக்கு 100 மில்லி ஊற்றுங்கள். காற்று, 70 கிலோ ஆளுக்கு 26 பிஎஸ்ஐ போதும். ஏற்றத்துக்காக 40 அடித்தால் இறக்கத்தில் ஈரத்தார் பிடிக்காது.

இனி பிரேக். இந்தப் பயணத்தில் உடம்பைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இதுதான். முந்தைய நாள் சக்கரத்தைக் கழற்றி, ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டு) கவ்விப் பிடிக்கும் பேடைப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் குப்பையில் போட வேண்டியதுதான். 1 மில்லிமீட்டர் இருந்தாலும் இந்த இறக்கத்துக்கு மாற்றிவிடுவேன். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மழைநீரில் மணல் கலந்தால் ஒரே இறக்கத்தில் தேய்ந்துபோகும். உலோகம் கலந்த பேட் கொஞ்சம் கீச்சிடும், நீண்ட நாள் உழைக்கும். மாற்றுமுன் ரோட்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: ரெசின் மட்டும் என்று பொறித்த ரோட்டரில் உலோகப் பேட் போட்டால் ரோட்டரே அறுந்துபோகும். புதுப் பேடைப் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து நடக்கும் வேகத்துக்கு, சக்கரத்தைப் பூட்டாமல், இருபது தடவை பிடித்து விடுங்கள். பிரேக் எண்ணெய் மாற்றுவதாக இருந்தால் ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய்; டாட் (DOT) என்ற வேறு வகைத் திரவம் கேட்கும் பிரேக்கில் மினரல் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் வீங்கிவிடும், மினரல் எண்ணெய் பிரேக்கில் டாட் திரவத்தை ஊற்றினாலும் அதே கதிதான்.

இறங்கும்போது பலரும் செய்யும் தவறு, லிவரை லேசாகப் பிடித்தபடியே 8 கிலோமீட்டர் இறங்குவது. ரோட்டர் ஆறவே ஆறாது. சூடு எண்ணெய்க்கு ஏறி, லிவர் ஹேண்டில்வரை ‘சொதக்’கென்று அமுங்கும். நேரான இடத்தில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழையுமுன் விட்டுவிடுங்கள், காற்று அதை ஆற்றட்டும். மழையில் முதல் பிடி வெறுமனே ரோட்டரின் தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும். ஆகவே வளைவுக்கு நன்றாக முன்பே ஒருமுறை தொட்டுவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ரோட்டரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், வளைந்துவிடும்.

சாப்பாடு: மிதிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பசியாறுங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அந்தத் தேங்காய்ப்பால் அணைக்கட்டு ஏற்றத்தில் நெஞ்சுக்கு வரும். இட்லியும் வாழைப்பழமும் போதும். வழியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அதாவது இரண்டு பெரிய வாழைப்பழம், முக்கால் லிட்டர் தண்ணீர். பெர்தாக் பூர்வகுடிக் கிராமத்தைத் தாண்டினால் கடையை நம்பாதீர்கள். இரண்டரை லிட்டர் சுமந்தே போக வேண்டும், அதில் ஒரு போத்தல் 100 பிளஸ் பானமாக இருக்கட்டும். மேலே மணிக்கூண்டைச் சுற்றிச் சாப்பிட இடம் உண்டு. வியர்வையோடு உட்கார்ந்தால் குளிர் பிடிக்கும், காய்ந்த சட்டை ஒன்றும் மெல்லிய காற்றுச்சட்டையும் பையில் இருக்கட்டும்.

அதே பையில் ஒரு ட்யூப், டயர் ஓட்டைக்கான ரப்பர்த் திரி, பம்ப், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, பின்கியர் தொங்கும் ஹேங்கர் ஒன்று. கடைசியாகச் சொன்னது கட்டை விரலளவு. கிளை சக்கரத்தில் மாட்டி அது வளைந்தால், அதைத் தவிர வேறெதுவும் உதவாது.

கேப்பிலிருந்து மேலே இரண்டு சாலைகள் உண்டு. எது ஏற, எது இறங்க என்பது மண்சரிவைப் பொறுத்து மாறும். அங்கே வைத்திருக்கும் பலகையைப் படித்த பிறகே திரும்புங்கள். கேப்பைக் கடந்து பகாங்கில் உள்ள தெரானம் பக்கம் இறங்கும் ஆசை வந்தால், கீழே வண்டி காத்திருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் திரும்பி வர அதே கணவாயை மறுபடி ஏற வேண்டும். கேப்புக்குச் சற்று முன்பு, 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்கு இரையானதும் இந்தச் சாலையில்தான். அவ்வளவு குறுகலும் வளைவும். வார இறுதியில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் அதே வளைவுகளில் சாய்ந்து வரும், நடுக்கோட்டுக்கு நெருங்காதீர்கள். நிறுத்தினால் புல்லில் கால் வைக்காதீர்கள், அட்டை ஏறும். பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. வீட்டில் ஒருவரிடம் 2 மணி என்று சொல்லிவிட்டு, அணைக்கட்டுக்கு இறங்கியதும் கூப்பிடுங்கள்.