கோவிட் போன பிறகும் போகாத களைப்பும், மாஸ்க்கை ஒழுங்காகப் போடும் விதமும்

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது, நாமும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டோம். வைரஸ் எங்கும் போகவில்லை. பலருக்குக் காய்ச்சல் சில நாளில் விட்டுவிடுகிறது, ஆனால் சிலருக்கு அதற்கப்புறம் மாதக்கணக்கில் அசதி, மாடி ஏறினால் மூச்சிரைப்பு, சும்மா நிற்கும்போதே படபடப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோவது என்று இழுத்துக்கொண்டே போகிறது. இதுதான் லாங் கோவிட். முதல் தடவை தப்பித்தவருக்கு அடுத்த தடவை வரலாம், அதனால் தொற்றும் தடவைகளைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

துணி மாஸ்க்கை விட்டுவிடுங்கள். நுண்துகள்களை வடிகட்டும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 ரக மாஸ்க் வாங்குங்கள், காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற மாதிரிதான் முகத்தில் இறுக்கமாக உட்காரும். வால்வு வைத்தது வேண்டாம், நாம் விடும் மூச்சு அதன் வழியாக வடிகட்டாமலே வெளியே போகும். போட்டதும் மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைத்துவிட்டு, மாஸ்க்கை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று வந்தால், கண்ணாடியில் ஆவி படிந்தால், கம்பியை மறுபடி சரிசெய்யுங்கள். கன்னத்தில் காற்று வந்தால் பட்டையைப் பின்னுக்குத் தள்ளுங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் அது உங்கள் முகத்துக்கான அளவு இல்லை. தாடி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஓரத்தில் கசியத்தான் செய்யும்.

துவைக்காதீர்கள், சானிடைசரும் அடிக்காதீர்கள். அதன் நடு அடுக்கில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகள்களைப் பிடித்து வைக்கிறது, சோப்போ ஆல்கஹாலோ பட்டால் அது போய்விடும், பார்க்க மட்டும் புதுசு போலவே இருக்கும். காகிதப் பையில் போட்டு உலரவிட்டு, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போடலாம். பட்டை தளர்ந்தாலோ அழுக்கானாலோ தூக்கிப் போடுங்கள்.

நாள் முழுக்கப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை, ஜன்னல் திறக்காத ஏசி பஸ், சின்ன லிப்ட், வீட்டில் ஒருவருக்கு இருமல், இங்கெல்லாம் போட்டால் போதும், கடற்கரையில் நடக்கும்போது தேவையில்லை.

சரி, ஏற்கெனவே களைப்பு ஒட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? "நடந்தா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். கவனம். கொஞ்சம் வேலை செய்த அன்று நன்றாக இருந்துவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையோடு படுக்கையாகிவிடுகிறீர்கள் என்றால், உடம்பைப் பழக்குகிறேன் என்று தினமும் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி நிலைமையை மோசமாக்கும். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள், காய் நறுக்குவதும் உட்கார்ந்தே நடக்கட்டும், துணி துவைக்கும் நாளில் கடைக்குப் போகாதீர்கள். என்ன செய்தீர்கள், எப்போது படுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் உங்கள் எல்லை எதுவென்று பிடிபடும்.

லாங் கோவிட்டை உறுதிசெய்ய இது என்று ஒரு தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவையும் இதே களைப்பைத் தரும், முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே அந்த நோட்டையும் காட்டுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது என்றால் நோட்டெல்லாம் அப்புறம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.