முல்லைத்தீவுக் கடற்கரையில் இரண்டு நாள் ஓய்வு: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

முதற்படி மாதத்தைத் தெரிவு செய்வதாகும். ஏனைய ஏற்பாடுகள் யாவும் அதைப் பொறுத்தே அமையும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மாரிமழையும் கடலைக் கொந்தளிக்கச் செய்வதால், அக்காலத்தில் கரையில் நின்று பார்க்கலாமே தவிர நீரில் இறங்கக்கூடாது. சித்திரை முதல் ஆவணி வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கரையில் அலை தணிந்திருக்கும். ஆனால் அதே காற்று நண்பகலில் அனலாய் அடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வைகாசியில் நாளைப் பார்த்தே புறப்படுங்கள். சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரிக்கும் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல் அம்மாதத்தில்தான் வரும். திருவிழாவுக்காகவே வருவோருக்கு அது பெரும் பேறு. அமைதியை நாடுவோர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. 2009 இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால், நகரத்திலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவுடன் வரும் ஊர். மே 18 ஐ ஒட்டி அங்கு உறவுகளை இழந்தோர் விளக்கேற்றுவார்கள் என்பதால், அந்நாட்களில் உல்லாசமாகச் செல்வது முறையன்று.

அடுத்தது பயணம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பினாலும் பரந்தனில் திரும்பினாலும் நகரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். புகையிரதத்தில் வருவோர் மாங்குளத்தில் இறங்கிப் பேருந்து ஏறலாம்.

மூன்றாவதாக, விடுதியை முன்பதிவு செய்யும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: நாங்கள் கரையில் வாங்கி வரும் மீனைச் சமைத்துத் தருவீர்களா? இதற்கு ஆம் என்று சொல்லும் விடுதியையே நான் தெரிவு செய்வேன். குளிரூட்டிய அறையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி நாளைச் செலவிடும் விதம். விடியுமுன்பே கரைக்குச் சென்றால் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்ப்பதோடு, கரைவலை இழுப்போரையும் காணலாம். இழுபடும் கயிற்றைத் தாண்டாமல், வலை கரையேறித் தரம் பிரிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு வலையின் உரிமையாளரான சம்மாட்டியிடம் விலை கேளுங்கள். ‘அண்ணை, இண்டைக்கு இதிலை குளிக்கலாமோ?’ என்றும் அப்போதே கேட்டுவிடலாம். நீரோட்டத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. களப்பு, அதாவது கரையோரக் காயல், கடலோடு சேரும் முகத்துவாரங்களில் மட்டும் எவர் சொன்னாலும் இறங்க வேண்டாம்.

வெயில் ஏறியதும் விடுதிக்குத் திரும்பி, சோறும் நண்டுக்கறியும் உண்டு உறங்குங்கள். ஓய்வுக்கென்று வந்தவர்கள் அந்த நேரத்தில் ஊர் சுற்றப் புறப்படுவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. நகரத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் எனும் களப்பு என்பதால், மாலையில் களப்புப் பக்கம் சென்றால் சூரியன் நீருக்கு மேலே மறைவதையும் பார்க்கலாம். அக்களப்பைக் கடக்கும் வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது என்பதால், வாகனத்தைப் பாலத்தின் மேல் நிறுத்தக்கூடாது. பற்றைக்காடுகளுக்குள் புதிதாக வழி தேடாமல் பழகிய பாதையிலேயே நடவுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கு தென்பட்டாலும் அது கண்ணிவெடி எச்சரிக்கையாகும்.

கோடையில் திரும்பும் வழியில் பாலைப்பழம் விற்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பால் உதட்டில் ஒட்டும் என்பதால், கைகழுவத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாகனத்தில் தயாராக வைத்திருங்கள்.