ஜப்பானில் ஐடல் கச்சேரிக்கு முதல் முறை: டிக்கெட் குலுக்கலிலிருந்து கடைசி ரயில் வரை

பாடி ஆடி ரசிகர் கூட்டத்தைச் சேர்க்கும் ஜப்பானிய பாப் கலைஞரைத்தான் ‘ஐடல்’ என்கிறார்கள். ஒரே ஐடலோ ஒரே குழுவோ மாலை முழுக்க மேடையில் இருக்கும் கச்சேரியை ஜப்பானில் ‘வன்மன்’ என்பார்கள். பல குழுக்கள் ஆளுக்கு இருபது, முப்பது நிமிடம் பாடிவிட்டு இறங்குவது ‘தைபான்’. முதல் முறை போகிறவருக்கு வன்மன்தான் நல்லது. 2 முதல் 2½ மணி நேரம் ஒருவரின் பாட்டு மட்டும்தான் என்பதால், பாடல்களை முன்கூட்டியே கேட்டுத் தயாராக முடியும்.

நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சத்தம் இங்கேயும் உண்டு, காது அடைக்கும் அளவுக்கு உண்டு. ஆனால் எந்த இடத்தில் கத்த வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பது பாட்டுக்குப் பாட்டு முடிவாகியிருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் டிக்கெட். சொதப்புகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே சொதப்புகிறார்கள்.

1. பெயரையும் போன் நம்பரையும் சரிசெய்யுங்கள்

டிக்கெட் விற்பனையில் மூன்று பெரிய தளங்கள்: ஈ-பிளஸ், டிக்கெட் பியா, லாசன் டிக்கெட். உறுப்பினராகப் பதியும்போது பெரும்பாலும் ஜப்பான் கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். அதைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். விமான நிலையத்தில் வாங்கும் சுற்றுலா சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, எண் இருக்காது. 070, 080, 090 என்று தொடங்கும் குரல் எண் வேண்டும். அது இல்லாதவர்கள் வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று ஆங்கிலத்தில் திறக்கும் விற்பனைப் பக்கத்தைத் தேடுங்கள். எல்லாக் கச்சேரிக்கும் அது இருக்காது.

அடுத்த சிக்கல் பெயர். படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் காலியாக இருக்கக் கூடாது. கீழே அதே பெயர், பிறமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானியக் ‘கத்தகானா’ எழுத்தில், முழு அகல எழுத்துருவில். இனிஷியல் மட்டும் உள்ள நமக்கு இங்கே தலைவலி. வாசலில் அடையாளம் சரிபார்க்கும் கச்சேரிகளில் வெளிநாட்டவர் காட்டப்போவது பாஸ்போர்ட். அதனால் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே விசாரணைப் படிவத்தில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தகானாவில் ர, ற, ல, ள, ழ எல்லாமே ஒரே வரிசை எழுத்தில்தான் முடியும். உச்சரிப்பு கெடுகிறதே என்று வருந்தாமல், எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். பல அட்டைகளில் அது மூடியேதான் வரும்.

2. குலுக்கலில் சேருங்கள்

இங்கே டிக்கெட் என்பது முந்துகிறவருக்குக் கிடைப்பதல்ல. ‘சூசென்’ என்னும் குலுக்கல்தான் முறை. ரசிகர் மன்றக் குலுக்கல், பிறகு அதிகாரப்பூர்வத் தளத்தின் குலுக்கல், அதன்பின் டிக்கெட் தளங்களின் குலுக்கல், கடைசியில் மிச்சம் இருந்தால் பொது விற்பனை. பெரிய அரங்கு என்றால் முதல் சுற்று கச்சேரிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிந்துவிடும். அதனால் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு இதைத் தேடாதீர்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் கடைசி நாள் வரை நேரம் இருக்கிறது; முதல் நிமிடத்தில் போட்டால் அதிர்ஷ்டம் கூடாது. இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார வேண்டுமென்றால் ஒருவர் இரண்டு டிக்கெட்டுக்கு விண்ணப்பித்து, உடன் வருபவரையும் கேட்கும் இடத்தில் பதிய வேண்டும். தனித்தனியாகப் போட்டால் அரங்கின் இரண்டு மூலைகளில்தான் உட்காருவீர்கள். பொது விற்பனை பெரும்பாலும் ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது காலை 6:30.

எதுவுமே கிடைக்கவில்லையா? அதிகாரப்பூர்வ மறுவிற்பனைக்குக் காத்திருங்கள். வர முடியாதவர்கள் அங்கே முகமதிப்பு விலைக்கே விட்டுவிடுவார்கள். கச்சேரிக்கு முந்தைய வாரத்தில்தான் நிறைய வரும். சமூக ஊடகத்தில் மூன்று மடங்கு விலைக்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். 2019 ஜூன் 14 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பெயரிட்ட டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம், சில வேளை இரண்டும். வாங்கியவருக்குச் சிறை இல்லை, ஆனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

3. பணம் கட்டுங்கள்

குலுக்கலில் விழுந்தால் மின்னஞ்சல் வரும். அட்டையில் கட்டுவதாகத் தேர்ந்திருந்தால் வேலை முடிந்தது. கடையில் கட்டுவதாகத் தேர்ந்திருந்தால் சில நாள் கெடுதான். கெடு தாண்டினால் டிக்கெட் போயே போச்சு, கெஞ்சிப் பயனில்லை. லாசன் கடையில் ‘லோப்பி’ என்ற இயந்திரம் நிற்கும். முன்பதிவு எண்ணையும் போன் எண்ணையும் தட்டினால் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டுக்கு ஆயுள் 30 நிமிடம். அதற்குள் கல்லாவில் கொடுத்துக் கட்டிவிடுங்கள். டிக்கெட் விலைக்கு மேல் சில நூறு யென் சேவைக் கட்டணம் வரும்.

மின்டிக்கெட் என்றால் ஆப்பை ஊரிலேயே நிறுவிப் பாருங்கள். ஜப்பான் ஸ்டோரில் மட்டும் கிடைக்கும் ஆப்களும் உண்டு. திரைப்பிடிப்பு செல்லாது. அதைவிட முக்கியம்: நுழைவுப் பொத்தானை நீங்களே முன்கூட்டி அழுத்திப் பார்க்கக் கூடாது. டிக்கெட்டைக் கிழித்ததற்குச் சமம் அது. வாசலில் ஊழியர் கண்முன்தான் அழுத்த வேண்டும்.

4. டிக்கெட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டோக்கியோவின் நிப்போன் புதோகானை எடுத்துக்கொள்வோம். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய எண்கோண அரங்கு. கூரை உச்சியில் வெங்காயம் போல ஒரு தங்கக் கலசம். 1980 அக்டோபர் 5 அன்று, எழுபதுகளின் பெரிய ஐடலான யமகுச்சி மொமோயே தன் கடைசிக் கச்சேரியில் மைக்கை மேடையில் வைத்துவிட்டுப் போனது இங்கேதான். இன்றும் ஒரு ஐடல் “புதோகானில் பாடப் போகிறேன்” என்று அறிவித்தால் ரசிகர்கள் அழுவதன் காரணம் புரியும்.

இங்கே இருக்கை அரீனா, 1-ம் மாடி, 2-ம் மாடி என மூன்று நிலை. அதோடு திசையும் சேரும். மேடை வழக்கமாக வடக்குப் பக்கம் அமையும். அதனால் தெற்கு என்றால் நேர் எதிரே, கிழக்கும் மேற்கும் பக்கவாட்டு. வடகிழக்கு, வடமேற்கு என்று வந்தால் ஐடலின் தோள்பட்டையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், ஆனால் மிகக் கிட்டத்தில். அரீனா என்றதும் துள்ள வேண்டாம்: அது சமதளம், பின்வரிசையில் குள்ளமானவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் காட்சி. எங்கள் கணக்கில் 1-ம் மாடித் தெற்கின் முன்வரிசை, அரீனாவின் பின்பாதியைவிட மேல்.

ஸெப் போன்ற நின்று பார்க்கும் அரங்குகளில் இருக்கை எண்ணுக்குப் பதில் ‘செய்ரி பாங்கோ’, அதாவது நுழைவு வரிசை எண். வெளியே பத்துப் பத்து எண்ணாக ஜப்பானிய மொழியில் கூப்பிடுவார்கள். உங்கள் எண்ணை ஜப்பானிய மொழியில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். கூப்பிட்டபோது கழிவறையில் இருந்தால், பிறகு விடுவார்கள். ஆனால் நல்ல இடம் போயிருக்கும். நுழைவில் பானக் கட்டணம் தனி, பெரும்பாலும் 600 யென். சில்லறையாகக் கையில் இருக்கட்டும். அதற்குத் தரும் வில்லையைக் கொடுத்து மூடி போட்ட தண்ணீர் பாட்டில் வாங்குங்கள். கோப்பையில் வாங்கினால் முதல் பாடலிலேயே அடுத்தவர் சட்டையில் இருக்கும்.

5. பை கட்டுங்கள்

பென்லைட்: பொத்தானை அழுத்தினால் நிறம் மாறும் கைவிளக்கு. தனி ஐடலுக்கு ஒரு சொந்த நிறம் இருக்கும். குழுவானால் ஆளுக்கொரு நிறம். 12 நிறத்துக்கு மேல் உள்ளதை வாங்கினால் எந்தக் கச்சேரிக்கும் ஆகும். ‘கிங் பிளேட்’ பரவலான வகை. ரிமோட்டில் போடும் டிரிபிள்-ஏ பேட்டரி மூன்று பிடிக்கும். புதிதாக மூன்றைப் போட்டு, இன்னும் மூன்றைப் பையில் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் வெள்ளையும் நீலமும்தான் முதலில் மங்கும். மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். கைநழுவிப் பறக்கும் பென்லைட் முன்வரிசைக்காரர் மண்டையை உடைக்கும்.

முறித்தால் எரியும் ரசாயனக் குச்சிகளில் ‘உல்ட்ரா ஆரஞ்சு’ ஐந்து நிமிடம் மட்டும் கண்கூசும்படி எரியும். பாட்டின் உச்சத்துக்கென்று வைத்திருப்பார்கள். பல கச்சேரிகளில் தடை உண்டு. பென்லைட்டின் நீளத்துக்கும் வரம்பு இருக்கும். அறிவிப்புப் பக்கத்தைப் படியுங்கள்.

பைனாகுலர்: புதோகானுக்கு 8 மடங்கு போதும். 80 மீட்டர் தள்ளி இருப்பவரை 10 மீட்டரில் நிற்பவர் போலக் காட்டும். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 12 மடங்காகும். நடுக்கம் தடுக்கும் வகை வாடகைக்குக் கிடைக்கிறது.

உச்சிவா என்ற பெரிய விசிறியில் பெயர் எழுதிப் பிடிப்பதானால், பொதுவான அளவு 28.5 செ.மீ. உயரம், 29.5 செ.மீ. அகலம். மார்புக்கு மேலே உயர்த்தக் கூடாது.

பவர் பேங்க், காதடைப்பான், பாஸ்போர்ட், 10,000 யென் ரொக்கம். சூட்கேஸை விடுதியிலேயே விடுங்கள். அருகிலுள்ள நிலைய லாக்கர்கள் மதியத்துக்குள் நிறைந்துவிடும்.

6. அன்று மதியம்

டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும்: முதலாவது கதவு திறப்பு, இரண்டாவது தொடக்கம். சரியான நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள். ‘புப்பான்’ என்ற பொருள் விற்பனை அதற்கும் பல மணி நேரம் முன்பு திறக்கும். சட்டை முதலில் தீரும், அதுவும் நடு அளவுகள். ஜப்பானிய அளவு நம் அளவைவிடச் சிறியது. கழுத்துத் துண்டு ஒன்று வாங்குங்கள். துண்டைச் சுழற்றும் பாட்டு ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். புகைப்படம், அட்டை போன்றவை மூடிய உறையில் வரும், யார் படம் என்று தெரியாது. பிடிக்காதது வந்தால் வெளியே மாற்றிக்கொள்வார்கள். மாற்றம் தடை என்று பலகை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முகப்பில் ஆளுயர மலர்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும். ரசிகர்கள் பணம் சேர்த்து அனுப்பியவை. கல்யாண மண்டப வாசலைவிடப் பிரமாதமாக இருக்கும். படம் எடுக்கலாம், பூவைப் பறிக்கக் கூடாது. வாசலில் யாராவது துண்டுச்சீட்டு தந்தால் வாங்கிப் படியுங்கள். “இன்ன பாட்டில் எல்லோரும் இந்த நிறம்” என்ற ரசிகர் ஏற்பாடாக இருக்கும்.

7. எப்போது கத்துவது

ரசிகர் பாட்டின் நடுவே போடும் முழக்கங்களுக்குக் ‘கோல்’ என்று பெயர். பாட்டின் கட்டமைப்பு தெரிந்தால் கோல் தானாக வரும்.

முன்னிசையில் ‘மிக்ஸ்’: டைகர், ஃபயர், சைபர், ஃபைபர், டைவர், பைபர், ஜாஜா. பொருள் தேடாதீர்கள். தாளத்தோடு பொருந்தச் சொல்ல வேண்டும்; அரை அடி தப்பினாலும் சுற்றி நிற்பவர் தாளமும் கெடும். முதல் முறை இதைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

பல்லவிக்கு முந்தைய ஏறுபகுதியில் கைத்தட்டல்: பான், பபான், ஹ்யூ! ஒரு தட்டு, விரைந்த இரண்டு தட்டு, பிறகு கையை உயர்த்தி ஒரு குரல். நான்கு அடிக்குள் அடங்கும். இதைக் கற்றுக்கொண்டால் பாதிக் கச்சேரி கைவசம். பாட்டின் வரி இடைவெளிகளில் ஐடலின் பெயரைச் சொல்வது அடுத்தது. ஒரே ஒரு பாட்டை எடுத்து, நேரலைப் பதிவோடு பத்து முறை பழகிப் போங்கள், அது போதும்.

கடைசிப் பல்லவிக்கு முன் இசை சட்டென்று அடங்கி, தனிக்குரல் மட்டும் வரும். அதை ‘ஒச்சி-சாபி’ என்பார்கள். இரண்டு கைகளையும் ஐடலை நோக்கி நீட்டி மெல்ல உயர்த்துவது வழக்கம். பெயர் ‘கெச்சா’, பாலித் தீவின் நடனத்திலிருந்து வந்தது. இந்த இடத்தில் கத்துகிறவரை ‘யக்கை’, அதாவது தொல்லை என்று ஒதுக்குவார்கள். மெல்லிசைப் பாடலிலும் ஐடல் பேசும்போதும் அப்படித்தான். தெரியாவிட்டால் பேசாமல் விளக்கை மட்டும் ஆட்டுங்கள். அமைதியாக நிற்பவரை யாரும் குறை சொல்வதில்லை.

விளக்கு மார்பு மட்டத்தில். பின்னால் நிற்பவரும் காசு கொடுத்தவர். அனுமதித்த பாட்டைத் தவிர போனை வெளியே எடுத்தால் ஊழியர் வந்து நிற்பார், எடுத்ததை அழிக்கச் சொல்வார்.

8. முடிந்தது என்று எழாதீர்கள்

கடைசிப் பாட்டு என்று சொல்லி உள்ளே போனதும் “அன்கோரு!” என்று தாளத்தோடு முழக்கம் தொடங்கும். சில நிமிடத்தில் கச்சேரிச் சட்டை அணிந்து திரும்புவார். இன்னும் இரண்டு மூன்று பாட்டு. உச்சத்தில் வெள்ளி நாடாக்கள் வெடித்துப் பறக்கும். கைநிறையக் கிடைத்தால் கிடைக்காத பக்கத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பது வழக்கம்.

விளக்கு எரிந்ததும் பகுதி பகுதியாக வெளியே விடுவார்கள்; உங்கள் பகுதியைக் கூப்பிடும்வரை உட்காருங்கள். புதோகானிலிருந்து எல்லோரும் பழைய கோட்டை வாசலான தயாசுமோன் வழியாகக் குதான்ஷிதா நிலையத்துக்கே நெருக்குவார்கள். நடக்கத் தெம்பிருந்தால் ஜின்போச்சோவோ இயிதாபாஷியோ போய் ஏறுங்கள். ரயில் அட்டையில் திரும்பும் காசை மதியமே ஏற்றிவைத்திருந்தால் இன்னும் நிம்மதி. கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும்.

சிறிய அரங்குகளில் கச்சேரிக்குப் பின் ‘செக்கி’ எடுப்பார்கள்: ஐடலோடு ஒரு உடனடிப் புகைப்படம், பெரும்பாலும் 1,000 முதல் 2,000 யென். பேச ஒரு நிமிடம்கூட இருக்காது. சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்து போங்கள். தொடக் கூடாது, ஊழியர் தோளைத் தட்டினால் நகர வேண்டும்.

சுற்றுப்பயணம் இன்னும் முடியவில்லை என்றால் பாட்டு வரிசையைப் பொதுவில் போடாதீர்கள்; அடுத்த ஊர்க்காரர் இன்னும் பார்க்கவில்லை. விடுதிக்கு வந்ததும் பென்லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அப்படியே பெட்டியில் போட்டால் அடுத்த கச்சேரிக்குள் கசிந்து முனையை அரித்திருக்கும்.