புதிய பிரிண்டரில் காணாமற்போன பழைய வசதிகளை மீட்டெடுப்பது எப்படி?

பதினோரு ஆண்டுகள் உழைத்த என் லேசர் பிரிண்டரின் தாள் இழுக்கும் ரோலர் தேய்ந்து, உதிரிபாகமும் கிடைக்காத நிலை வந்தபோது புதிய பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். வைஃபை, கைப்பேசிச் செயலி என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் முதல் நாள் காலையிலேயே, வாடகை ஒப்பந்தம் ஒன்றை அச்சிட நூறு ரூபாய் முத்திரைத்தாளை எடுத்துச் சென்றபோது, பழைய பிரிண்டரில் ஒற்றைத் தாளை நேராக நுழைப்பதற்கு இருந்த சிறிய வாய் இதில் இல்லை என்பது தெரிந்தது. வேறு வழியின்றித் தாளைக் கீழ் டிரேயில் வைத்து அச்சிட்டேன். எழுத்துகள் முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் தலைகீழாக விழுந்திருந்தன. கையெழுத்திட வந்திருந்த இருவரையும் மாலையில் வரச் சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வருத்தம் நன்றாகவே தெரியும். திரை, யு.எஸ்.பி. துளை, தாள்களைத் தானே இழுத்து ஸ்கேன் செய்யும் ஏ.டி.எஃப்., இருபக்கமும் தானாக அச்சிடும் டூப்ளெக்ஸ், லேன் கேபிள் இணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனியே மோட்டாரோ ரோலரோ மின்சுற்றோ தேவைப்படுகிறது. விலையைக் குறைக்கும்போது முதலில் கழற்றப்படுபவை இவைதாம். அந்த வேலைகளைக் கைப்பேசியும் கணினியும் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கில்தான் இன்றைய மலிவு விலைப் பிரிண்டர்கள் வருகின்றன. ஆகவே, இழந்த வசதி பிரிண்டரில் இல்லாவிட்டாலும் கணினியிலோ வேலை செய்யும் முறையிலோ அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் பிரிண்டரிடம் என்னென்ன வேலை வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘டூப்ளெக்ஸ் இல்லை’ என்று வசதியின் பெயரை எழுதாமல், ‘நாற்பது பக்கக் கணக்கறிக்கையை இருபக்கமும் அச்சிட வேண்டும், மாதம் இருமுறை’ என்று வேலையின் பெயரை எழுத வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே இடையூறாக இருந்தவை நான்கு வேலைகள் மட்டுமே என்று தெரிந்தது. பிரிண்டரை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தால், கடையின் திருப்பிக் கொடுக்கும் கெடுவையும் அதே தாளின் மேல் எழுதிவையுங்கள். பெட்டியிலோ விளம்பரத்திலோ உண்டென்று சொல்லப்பட்ட வசதி பிரிண்டரில் இல்லையென்றால் அது குறைபாடுள்ள விற்பனை. கடை ஏற்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இல்லையா, மறைந்திருக்கிறதா?

இல்லை என்று நாம் முடிவுகட்டும் வசதிகளில் சில வெறுமனே மறைந்திருக்கின்றன. கேபிளைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே ஒரு பொது டிரைவரை, அதாவது கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருளை, போட்டுக்கொள்கிறது. அதில் அச்சிட முடியும். ஆனால் தாளின் தடிமன், தாள் எடுக்கும் டிரே, டோனர் சிக்கனம் போன்ற தேர்வுகள் பல தெரியாமற்போகலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 செப்டம்பரில், பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்ததால், இந்தப் பொது டிரைவரை இனி மேலும் பலர் சந்திக்க நேரும். எனவே, உற்பத்தியாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து முழு டிரைவரை நீங்களே இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘டிவைஸ் செட்டிங்ஸ்’ என்ற பகுதி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். டூப்ளெக்ஸ் உள்ள பிரிண்டரில்கூட அங்கே ‘நிறுவப்படவில்லை’ என்று பதிவாகியிருப்பதுண்டு. அதை மாற்றினால் அச்சிடும் பெட்டியில் இருபக்கத் தேர்வு வந்துவிடும்.

இரண்டாவது மறைவிடம் பிரிண்டரின் உள்ளேயே இருக்கும் வலைப்பக்கம். வைஃபையில் இணைந்த பிரிண்டரின் ஐ.பி. முகவரியை (வீட்டு இணைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) கணினியின் உலாவியில் தட்டினால், பல மாடல்களில் ஒரு அமைப்புப் பக்கம் திறக்கும். திரை இல்லாத பிரிண்டருக்கு இதுவே திரை. உறக்க நேரம், தாள் அளவு, வைஃபை ஆகியவற்றை அங்கிருந்தே மாற்றலாம். சில மாடல்களில் ஸ்கேன்கூடச் செய்யலாம்.

இருபக்க அச்சு, கையால்

தானியங்கி டூப்ளெக்ஸ் இல்லாத பிரிண்டரில் முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களையும், பின் தாள்களைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களையும் அச்சிட வேண்டும். இந்தத் தேர்வு அடோபி ரீடரிலும் வேறு பல மென்பொருள்களிலும் உள்ளது. எப்படித் திருப்பி வைப்பது என்பதில்தான் தாள்கள் வீணாகின்றன. ஒரு வெற்றுத் தாளின் மேல்பக்கத்தில், பிரிண்டருக்குள் முதலில் நுழையும் விளிம்பருகே, பென்சிலால் அம்புக்குறி இட்டு அனுப்புங்கள். எழுத்து அம்புக்குறியின் பக்கத்தில் விழுகிறதா மறுபக்கத்திலா, எழுத்தின் தலைப்பகுதி அம்பின் பக்கம் இருக்கிறதா எதிர்ப்பக்கமா என்ற இரண்டையும் பார்த்து, ஒரு துண்டுத்தாளில் படமாக வரைந்து மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். எந்த விளக்கப் புத்தகத்தையும்விட இந்தப் படமே நாள்தோறும் உதவுகிறது.

மொத்தப் பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; இல்லாவிடில் கடைசித் தாளுக்குப் பின்பக்கம் இல்லாமல், சில பிரிண்டர்களில் வரிசையே ஒரு தாள் தள்ளிப்போகும். லேசரிலிருந்து வந்த தாள் சூட்டினால் வளைந்திருக்கும். இங்க் பிரிண்டரிலிருந்து வந்தது ஈரமாக இருக்கும். இரண்டுக்கும் சில நிமிடம் ஓய்வு கொடுத்து, தாள்கட்டை விசிறிபோல் விரித்து, மேசையில் தட்டி விளிம்புகளைச் சேர்த்த பிறகே மீண்டும் டிரேயில் வைக்க வேண்டும். ஒரே தடவையில் இருபது தாளுக்கு மேல் வைக்காதீர்கள். இடையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அதற்குப் பிந்திய அனைத்தும் தவறாகிவிடும் என்பதால், சிறுகட்டாக அச்சிடும்போது இழப்பும் சிறியதாக இருக்கும்.

முத்திரைத்தாள், தடித்த தாள்

எனக்கு மிகுந்த சிரமம் கொடுத்தது இந்த வேலைதான். முன்புற டிரே மட்டும் உள்ள பிரிண்டரில் தாள் கீழிருந்து எடுக்கப்பட்டு, உள்ளே வளைந்து திரும்பி மேலே வருகிறது. ஆகவே பெரும்பாலும் அச்சாக வேண்டிய பக்கம் டிரேயில் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பின்புறம் நின்றவாக்கில் தாள் வைக்கும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் இது நேர்மாறு; அச்சாகும் பக்கம் நம்மைப் பார்த்திருக்கும். மேலே சொன்ன பென்சில் சோதனையை, முத்திரைத்தாளின் அளவுக்கே வெட்டிய வெற்றுத் தாளில் செய்து பார்த்த பிறகுதான் உண்மையான தாளைத் தொட வேண்டும்.

அளவை ஊகிக்காதீர்கள். முத்திரைத்தாள் ஏ4 அளவான 210 × 297 மில்லிமீட்டரைவிட நீளமானது. லீகல் அளவான 216 × 356 மில்லிமீட்டருக்கு நெருக்கமானது. ஸ்கேலால் அளந்து, டிரைவரில் அந்த அளவைத் தனி அளவாகப் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். முத்திரை அச்சடித்த பகுதி மேல் விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் வரை இறங்குகிறது என்பதையும் அளந்து, அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக முதல் பக்கத்தின் மேல் இடைவெளியை வைத்து, வேர்டில் ஒரு மாதிரிக் கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கம் சாதாரண இடைவெளியோடு தொடங்குவதற்கு, முதல் பக்கத்தைத் தனிப் பிரிவாக வைக்க வேண்டும்.

அச்சிடும்போது டிரேயிலுள்ள மற்றத் தாள்களை எடுத்துவிட்டு, முத்திரைத்தாளை மட்டும் வைத்து, பக்கவாட்டுத் தடுப்புகளைத் தாளோடு ஒட்டி நிறுத்துங்கள். லேசர் பிரிண்டரானால், டிரைவரில் தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றுவது அவசியம்; பிரிண்டர் அதற்கேற்ப மெதுவாகவும் கூடுதல் சூட்டோடும் இயங்கும். இதைச் செய்யாவிட்டால் டோனர் தாளில் பிடிக்காமல், விரலால் தேய்த்தாலே எழுத்து உதிரும். கையெழுத்தும் சாட்சியும் வாங்கிய ஒப்பந்தத்தில் அப்படி நேர்வதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பின்பக்கக் கதவைத் திறந்தால் தாள் வளையாமல் வெளியேறும் மாடலானால், அதையும் திறந்துவையுங்கள்.

ஸ்கேன், அடையாள அட்டை, பல பக்க பி.டி.எஃப்.

முன்பு ஒரு பொத்தானை அழுத்தினால் கணினிக் கோப்புறையில் பி.டி.எஃப். விழுந்தது, இப்போது செயலியைத் திறந்து, கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் பல தடவை தட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு நாப்ஸ்2 என்ற இலவச, திறமூல மென்பொருளை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். தெளிவு, நிறம், தாள் அளவு ஆகியவற்றை ஒருமுறை அமைத்துச் சேமித்துவிட்டால், அதன்பின் ஒரே சொடுக்கில் ஸ்கேன் தொடங்கும். ஏ.டி.எஃப். இல்லாதவர்களுக்கு இதன் தொகுதி ஸ்கேன் வசதி பெரிய உதவி: ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இடையில் இத்தனை வினாடி என்று குறித்துவிட்டால், மூடியைத் திறப்பது, தாளை மாற்றுவது, மூடுவது மட்டுமே நம் வேலை; கணினியைத் தொடவே வேண்டாம். ஏ.டி.எஃப். இருந்தும் அது ஒருபக்கம் மட்டுமே படிக்குமென்றால், முன்பக்கங்களை முழுவதும் ஓட்டி, கட்டை அப்படியே திருப்பிப் பின்பக்கங்களை ஓட்டுங்கள். பின்பக்கங்கள் கடைசியிலிருந்து முன்னோக்கி வருவதால், அந்த வரிசையை உணர்ந்து பக்கங்களை மாறிமாறிக் கோக்கும் கட்டளையும் அதில் உண்டு.

ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்ற அட்டையின் இருபுறத்தையும் ஒரே தாளில் நகலெடுக்கும் பொத்தான் இல்லையென்றால், அட்டையின் முன்புறத்தைக் கண்ணாடியின் மேற்பாதியில் வைத்து ஒரு நகல் எடுத்து, அந்த நகல் தாளையே மீண்டும் டிரேயில் வைத்து, பின்புறத்தைக் கீழ்ப்பாதியில் வைத்து மறுநகல் எடுக்கலாம். நாள்தோறும் இந்த வேலை இருப்பவர்கள் 85.6 × 54 மில்லிமீட்டர் அளவில் இரண்டு படச் சட்டங்கள் கொண்ட மாதிரிப் பக்கம் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் அட்டைகளின் உலகப் பொது அளவு அது; நகல் சரியான அளவில் வரும்.

மற்றவை

பென்டிரைவ் துளை இல்லாத குறையைக் கைப்பேசி தீர்க்கும். ஐபோனில் 2010 முதல் ஏர்பிரிண்ட் என்ற கம்பியில்லா அச்சு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் அச்சிடும் சேவை கைப்பேசியிலேயே உள்ளது. பிரிண்டர் இவற்றை ஏற்பதாக இருந்தால் உற்பத்தியாளரின் செயலி இல்லாமலே அச்சிடலாம்.

லேன் கேபிள் இல்லாத பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐ.பி. முகவரியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸில், அது பிரிண்டரைத் தானாகத் தேடி இணைக்கும் டபிள்யூ.எஸ்.டி. போர்ட்டுக்குப் பதிலாக அந்த முகவரியைக் கொண்ட டி.சி.பி./ஐ.பி. போர்ட்டை உருவாக்குங்கள். மலிவு விலை மாடல்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரவுட்டர் இரு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து இணைப்பு மறுக்கப்பட்டால், நிறுவும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை நிறுத்திவைத்தால் போதும்.

பழைய பிரிண்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பட்டியலில் எந்த வேலைக்கு மாற்று கிடைக்கவில்லையோ அந்த வேலைக்காக மட்டும் அதை ஒரு பழைய மடிக்கணினியோடு இணைத்து வைக்கலாம். புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காத சில பிரிண்டர்கள் லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வழியாக இன்றும் இயங்குகின்றன. அச்சிடும் பகுதி கெட்டு ஸ்கேனர் மட்டும் வேலை செய்கிறது என்றாலும், ஸ்கேனருக்காகவே வைத்திருக்கத் தகும்.

மாற்றுவதுதான் முடிவென்றால், அடுத்த முறை விவரத் தாளைச் சொல்சொல்லாகப் படியுங்கள். ‘டூப்ளெக்ஸ்: மேனுவல்’ என்றால் திருப்பி வைப்பது நம் கை என்று பொருள். இருபக்க அச்சு உண்டென்பதால் இருபக்க ஸ்கேனும் நகலும் உண்டென்று ஆகாது. ‘லீகல்’ தாளை டிரே ஏற்கலாம், ஸ்கேனர் கண்ணாடியோ ஏ4 அளவோடு நின்றுவிடலாம். கடைக்குப் போகும்போது வேலைப் பட்டியலோடு, நீங்கள் பயன்படுத்தும் லீகல் தாள் ஒன்றையும், ஒரு தடித்த உறையையும், ஏதேனும் ஒரு பிளாஸ்டிக் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்துள்ள பிரிண்டரில் தாளிலும் உறையிலும் அச்சிட்டு, அட்டையை நகலெடுத்துக் காட்டச் சொல்லி, அச்சாகி வந்த தாளை விரலால் தேய்த்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.